மான் கறியும் மூன்று பெண்மணிகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் மான் கறி. பதறாதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம் ஊர்க் காட்டு மானைத் தொட்டால் உள்ளே போய்க் களி தின்ன வேண்டியதுதான். ஆகவே நாம் போகப்போவது இங்கிலாந்துக்கு. அதுவும் பழைய சமையல் புத்தகங்கள் வழியாக. படிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

திருமதி பீட்டன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இசபெல்லா பீட்டன். இங்கிலாந்தில் சமையல் புத்தகம் என்றாலே இன்றைக்கும் முதலில் வாயில் வருகிற பெயர். 1861-ல் குடும்ப நிர்வாகம் பற்றி இவர் வெளியிட்ட புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். முதல் வருஷமே 60,000 பிரதிகள் விற்றது. படத்தில் பார்த்தால் பெரிய பாட்டியாக இருப்பார் என்று நினைப்போம். இல்லை. புருஷனின் பத்திரிகையில் சமையல் பகுதி எழுத ஆரம்பித்தபோது வயசு 21. 28 வயசில், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் போய்விட்டார்.

அவர் புத்தகத்தில் மான் கறிக்கு முக்கியமாக மூன்று குறிப்புகள். முதல் மரியாதை பின்தொடை ரோஸ்டுக்கு. படித்தால் மூச்சு முட்டும். கறியை ஈரமில்லாமல் துடைத்து, ஈ மொய்க்காமல் இருக்கச் சுக்குப்பொடியோ மிளகுப்பொடியோ தூவித் தொங்கவிட வேண்டும். இரண்டு வாரம்கூடத் தாங்குமாம். சமைக்கிற நாளில் கழுவித் துடைத்து, வெண்ணெய் தடவிய காகிதம் ஒரு சுற்று, அதன்மேல் அரை அங்குல கனத்துக்குப் பிசைந்த மாவு, அதன்மேல் இன்னொரு முரட்டுக் காகிதம், கடைசியில் கயிறு. கிட்டத்தட்ட பார்சல் சர்வீஸ். பிறகு பெரிய நெருப்பின் முன்னால் நாலைந்து மணி நேரம், காகிதம் பற்றிக்கொள்ளாமல் விடாமல் கொழுப்பை ஊற்றிக்கொண்டே ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் எஜமானியம்மா இல்லை என்பதைச் சொல்ல வேண்டாம். பதினெட்டு பேருக்குப் பரிமாறலாம் என்கிறது புத்தகம்.

பதினெட்டு பேர்! இது பசிக்காகச் செய்கிற சமையல் இல்லை. எங்கள் வீட்டுக்கு மான் தொடை வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற சமையல். அங்கே மான் வெறும் கறியாக என்றைக்குமே இருந்ததில்லை. அது ராஜா சொத்து, அப்புறம் ஜமீன் சொத்து. 1723-ல் வந்த ஒரு சட்டப்படி முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடப் போனால் தூக்கு. பணம் கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது என்பதால் போலியும் உண்டு. மான் கறி என்று விருந்தில் வைத்த பேஸ்ட்டி சுத்த மாட்டுக் கறி என்று சாமுவேல் பீப்ஸ் 1660 டயரியில் அலுத்துக்கொள்கிறார். நம் பிரியாணி வதந்திகளுக்கெல்லாம் மூத்த அண்ணன்.

இரண்டாவது குறிப்பு, மிச்சமான ரோஸ்டை மறுநாள் குழம்பில் சூடாக்குவது. அதை விடுங்கள். மூன்றாவதுதான் சமாசாரம். குளிர்காலத்துக்கு ஏற்றது அதுதான்.

முன்னங்கால் சப்பையில் எலும்பை எடுத்துவிட்டு, சப்பாத்திக் கட்டையால் தட்டிப் பரத்த வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் போர்ட் ஒயினில் ஊறிய ஆட்டுக் கொழுப்புத் துண்டுகளை அதன்மேல் பரப்பி, மிளகும் ஆல்ஸ்பைஸும் தூவி, பாய் மாதிரி சுருட்டி நாடாவால் கட்ட வேண்டும். (ஆல்ஸ்பைஸ் ஒரே காய்தான், ஆனால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த மாதிரி மணக்கும்.) எடுத்த எலும்பையும் கூடவே போட்டு, நீர்த்த சூப்பும் கொஞ்சம் ஒயினும் விட்டு, இறுக மூடி, சிம்மில் மூன்றரை நாலு மணி நேரம். கூட ரெட்கரண்ட் ஜெல்லி. நமக்குப் புளி செய்கிற வேலையை அங்கே அது செய்யும். துண்டில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் ஒழிய இதுவே சிறந்த முறை என்று முடிக்கிறார்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மான் கறி சமையலின் மொத்த சூத்திரமும் அதில் இருக்கிறது. மான் ஓடுகிற ஜந்து. தசைக்குள்ளே கொழுப்பு கிடையாது. ஆட்டுக் கறியை நம்பி வைக்கிற மாதிரி வைத்தால் செருப்புத் தோல்தான். ஓடி உழைத்த சப்பையில் சவ்வு அதிகம். அதிகச் சூடில்லாமல் மணிக்கணக்கில் வெந்தால்தான் சவ்வு கரைந்து பசையாகும். இல்லாத கொழுப்பை ஆட்டிடம் கடன் வாங்கு, அவசரப்படாதே. அவ்வளவுதான். நூறு குறிப்பு படிப்பதைவிட இந்த ஒரு காரணம் தெரிந்தால் போதும். முற்றல் ஆட்டுச் சப்பை வாங்கிவந்து நீங்களும் விழிக்க மாட்டீர்கள்.

இப்போது குற்றப்பத்திரிகை. இந்தக் குறிப்பு பீட்டனுடையது இல்லை!

1806-ல் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் போட்டு ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் மரியா ரண்டெல் என்ற விதவைத் தாய். மகள்களுக்காகக் குறித்து வைத்தது. அதில் இதே சப்பை, இதே கட்டை, இதே ஒயினில் ஊறிய கொழுப்பு, இதே நாடா. கடைசி வரிகூட இதேதான். ஒன்றைத்தான் ரண்டெல் கூடுதலாகச் சொல்கிறார்: கொழுப்பு அதிகமானால் ரோஸ்ட் செய். பீட்டன் ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அப்படியே எடுத்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவர் பல புத்தகங்களிலிருந்து இப்படி அள்ளியதை 2005-ல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கேத்ரின் ஹியூஸ் விலாவாரியாகக் காட்டியிருக்கிறார்.

நடுவில் இன்னொருவர். எலைசா ஆக்டன். கவிதை எழுதியவர், 1826-லேயே தொகுப்பு வந்துவிட்டது. 1845-ல் சமையல் புத்தகம். அவரும் இதே சப்பையை ஆட்டுக் கொழுப்பு வைத்துச் சுருட்டுகிறார். ஆனால் யோசித்துவிட்டுச் சுருட்டுகிறார். சிலர் கொழுப்பை ஒயினில் ஊறவைக்கிறார்கள், எதற்கு, மானின் சொந்த ருசி ஒயினைவிட உசத்தியாயிற்றே என்கிறார். அது சமைத்து, தின்று பார்த்தவர் பேச்சு. பார்த்து எழுதுகிறவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஆக என் தீர்ப்பு: பீட்டனில் இருக்கிற நல்ல மான் குறிப்பு ரண்டெலுடையது. அதைவிட நல்லது ஆக்டனுடையது. பீட்டனுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. என்னென்ன சாமான், எவ்வளவு நேரம், என்ன செலவு, எத்தனை பேருக்கு, எந்தப் பருவத்தில் என்று ஒவ்வொரு குறிப்பையும் ஒரே சட்டத்தில் அடைத்தார். ஆக்டன் சாமான்களைத் தனியாகக் கடைசியில் கொடுத்ததை இவர் தலைக்குக் கொண்டுவந்தார். நம் பத்திரிகைகளில் 'தேவையான பொருட்கள்' முதலில் வருகிறதே, அந்த ஒழுங்கு பிரபலமானதில் இவருக்குப் பெரிய பங்கு. கெட்டிக்கார எடிட்டர். சமையல்காரி என்று பெயர் வாங்கியதுதான் இடிக்கிறது.

சமையலில் யார்தான் காப்பியடிக்கவில்லை என்பீர்கள். உண்மை. உங்கள் அம்மாவின் ரசத்துக்கு ஆசிரியர் யார்? ஆனால் அம்மா அதை விற்கவில்லை. விற்கும்போது பெயர் சொல்ல வேண்டும். ஆக்டன் 1855 பதிப்பில் தன் குறிப்புகளைப் பலர் சொல்லாமல் எடுப்பதாக வருத்தப்பட்டு எழுதி, சொந்தக் குறிப்புகளுக்கு அடையாளமும் போட்டார். நாலு வருஷத்தில் இறந்துபோனார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பீட்டனின் புத்தகம். இன்றைக்கு யார் பெயர் நிற்கிறது பாருங்கள்.

மானின் கதையும் மாறிவிட்டது. ஓநாய் எப்போதோ அழிந்துபோன பிரிட்டனில் இன்று மான்கள் சுமார் 20 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே வளரவிடாமல் செய்வதால், சுட்டுக் குறைக்கிறார்கள். கறி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் தூக்குமேடை காட்டிக் காத்த ஜந்துவைச் சாப்பிடுங்கள் என்று இப்போது கெஞ்சுகிறார்கள். நம் காட்டில் அந்த வேலையைப் புலி பார்க்கிறது. அதன் இலையில் நாம் கை வைக்க வேண்டாம்.

லண்டனில் மகனோ மகளோ இருந்தால், டிசம்பரில் போகும்போது செய்து பாருங்கள். மாட்டுக்கறி ஆகாதவர்கள் வெறும் மட்டன் சூப் ஊற்றலாம். ஒயின் ஊறல் வேண்டாம். ஆக்டன் சொன்னதுதான் சரி.