காளஹஸ்தியின் மூங்கில் பேனா

படக்கதை என்றால் நமக்கு அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் நினைவுக்கு வரும். கட்டம், அதற்குள் காட்சி, மேலே ஒரு வரி விளக்கம். இதே அமைப்பில், இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகப் படித்துப்போகும் ராமாயணங்களைத் துணியில் எழுதி வந்திருக்கிறார்கள் ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள். நடுவில் ஒரு பெரிய காட்சி, பெரும்பாலும் பட்டாபிஷேகம். சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றின் தலைமாட்டில் தெலுங்கு எழுத்தில் கதை. 1880களில் அங்கே எழுதிய அப்படியொரு ராமாயணத் திரை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தத் திரைகளின் நிறத்தைப் புகழ்கிறவர்கள் நிறைய. எனக்கு முதலில் கோடு, பிறகுதான் நிறம். அந்தக் கோட்டைப் போடும் பேனாவைப் போல எளிமையான, ஆனால் கறாரான ஒரு கருவியை நான் பார்த்ததில்லை.

பேனாவைக் கலைஞரே செய்துகொள்கிறார். மூங்கில் குச்சியின் ஒரு முனையைச் சீவிக் கூராக்கி, முனைக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் இறுகக் கட்டுகிறார். அந்த உருண்டைதான் மைக்கூடு. மையில் தோய்த்தெடுத்து விரலால் அழுத்தினால் மை குச்சி வழியே முனைக்கு இறங்கும். அழுத்தம் கூடினால் சொட்டிவிடும், குறைந்தால் கோடு பாதியில் வறண்டுவிடும். சீதையின் புருவமும் ராவணனின் பத்துத் தலையும் இந்த விரல் அழுத்தத்தில்தான் இருக்கின்றன. நிறம் நிரப்ப முனை மழுங்கிய இன்னொரு குச்சி. இவற்றோடு, முதல் உருவத்தைத் தொட்டுப் போட்டுக்கொள்ளப் புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரி.

மையும் வீட்டிலேயே ஊறுகிறது. பழைய இரும்பு, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுகிறார்கள். வடிகட்டினால் மங்கலான நீர்தான் கிடைக்கும். கறுப்பு பிறப்பது துணியில். முன்பே கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து வெயிலில் உலர்த்திய துணி அது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் மையிலுள்ள இரும்பும் சேர்ந்த இடம் கறுத்துவிடும். பாலிலுள்ள கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். ஒருமுறை கறுத்த கோட்டை அழிக்க வழியில்லை. பென்சிலில் போட்டு, மையில் திருத்தி, வெள்ளை பூசி மறைக்கும் வசதி நம் காமிக்ஸ் ஓவியர்களுக்கு உண்டு. இவர்களுக்கு அது கிடையாது. கோடு நடுங்கினால் நடுங்கியதுதான்.

இதைவிட வியப்பு சிவப்பு. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவுகிறார்கள். தடவும்போது கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. பிறகு அலசி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். தெரியாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு முழுத்திரையையும் தீட்ட வேண்டும். கடைசியில் மஞ்சளுக்கு மாதுளம் தோலும் கடுக்காய்ப்பூவும், நீலத்துக்கு அவுரி, இரண்டும் சேர்ந்தால் பச்சை.

பட்டறை என்று பார்த்தால் தரையோடு ஒட்டிய ஒரு தாழ்ந்த பலகை, சில பானைகள், ஒரு செம்பு அண்டா, அவ்வளவுதான். மீதிப் பட்டறை வெளியே, ஸ்வர்ணமுகி ஆற்றில். அலசுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த படிகாரம் வேறு இடத்தில் ஒட்டிக் கறையாகும். ஸ்வர்ணமுகியோ ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் இல்லாத மாதங்களில் வயல் பம்புசெட்டைத் தேடிப் போகிறார்கள்.

இந்தக் கலை ஒரு காலத்தில் அணையும் நிலைக்கு வந்துவிட்டது. கைவினைக் கலைகளின் மீட்புக்குப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957இல் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியது. அதில் படித்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடும் வந்திருந்தது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

திருமலை தரிசனம் முடித்துக் காளஹஸ்திக்கும் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ராகு கேது பூஜை முடிந்ததும் ஒரு அரை மணி நேரம் எந்தப் பட்டறையிலாவது உட்கார்ந்து கோடு போடுவதைப் பாருங்கள். வாங்குவதானால், எழுதியதா அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பூ அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மசூலிப்பட்டினம் பக்கத்து மர அச்சுக் கலம்காரி தனி அழகுதான், ஆனால் அது வேறு கலை. கையால் எழுதியதில் ஒரு கண்ணைப் போல இன்னொரு கண் இருக்காது. அதற்கு விலை கூடத்தான் இருக்கும். பேரம் பேசாமல் கொடுங்கள்.