வைக்கோல் போரின் வயிற்றில்

சம்பா அறுவடை முடிந்ததும், தை மாசியில், தஞ்சை திருவாரூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் வைக்கோல் போர் எழும். கீழே இருப்பவர் அள்ளிக் கொடுக்க, மேலே நிற்பவர் வாங்கிப் பரப்பிச் சுற்றிச் சுற்றி மிதிப்பார். நடுப்பகுதி எப்போதும் சற்று உயர்ந்தே இருக்க வேண்டும். அப்போதுதான் ஐப்பசி மழை உள்ளே இறங்காமல் தாள் வழியே வெளிப்பக்கம் வழிந்தோடும். நூல் பிடிக்காமல், கண்ணளவிலேயே உச்சியைக் கூம்பாக முடிக்கும் கைக்கு ஊரில் தனி மரியாதை.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டுக் கோட்டை. மாட்டுக்காகத் தினமும் ஒரே பக்கம் பிடுங்கப் பிடுங்க, அடியில் ஒரு பொந்து விழும். கண்ணாமூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே நுழைந்தால் வெளிச்சத்தம் அடங்கிவிடும். தன் மூச்சும் தாள்களின் சரசரப்பும்தான் கேட்கும். புது வைக்கோலின் இளம் இனிப்பு வாசனை, கூடவே மெல்லிய புழுக்கம். துழாவும் கையில் சில நாள் கோழி ஒளித்து இட்ட முட்டை வெதுவெதுப்பாகத் தட்டுப்படும். உச்சியிலிருந்து குதிப்பதுதான் பெரிய சுகம். போர் கலைந்தால் தண்ணீர் இறங்கும் என்று பாட்டிமார் அதட்டியதிலும் நியாயம் இருந்தது. ராத்திரி சுணை அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்கி எழுந்தால், பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி அங்கேதான்.

இப்போது பல வயல்களில் இயந்திரமே வைக்கோலை உருளைக் கட்டுகளாகச் சுருட்டிவிடுகிறது. ஏற்றிப்போக எளிது, புகுந்து ஒளிய இடமில்லை. கொல்லையில் இன்னும் போர் போடுகிறவர்கள், பிடுங்கும் பக்கத்திலாவது பிள்ளைகளை விளையாட விடுங்கள்.