அடித்தல் திருத்தலில் பிறந்த ஓவியம்: தாகூரை ஓர் ஆசிரியராகப் படித்தல்



'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுக.' இதை நாம எத்தனை முறை சொல்லியிருப்போம்? நான் கணக்கே வைக்கல. கட்டுரை ஏட்டில் கோடு விழுந்தால் எனக்கு முகம் சுளிக்கும். மாணவர்களும் அது தெரிந்து லிக்விட் பேப்பர் பூசி மறைத்துவிடுவார்கள். ஒரு முறை இரண்டாம் படிவ மாணவன் ஒருவன், தான் அடித்த சொல்லின் மேலிருந்த கோட்டையே வாலாக நீட்டி ஒரு பூனை வரைந்திருந்தான். 'கட்டுரை ஏடா, ஓவிய ஏடா?' என்று சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அடித்த சொற்களிலிருந்தே ஓவியரான ஒருவரைப் பற்றிப் பிறகுதான் ஊன்றிப் படித்தேன். அவர் இரவீந்திரநாத் தாகூர்.

தாகூர் என்றதும் நம் தேர்வுக் கட்டுரைகளில் மூன்று செய்திகள் வரிசையாக வரும்: கீதாஞ்சலி, 1913இல் நோபல் பரிசு, சாந்திநிகேதன். மூன்றும் சரிதான். ஆனால், ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத அவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு தூரிகையைப் பிடித்து 2000க்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச் சென்றார் என்பது விடுபட்டுப் போகும். இந்த ஓவியரை உருவாக்கியவை இரண்டு என்பது என் கருத்து. ஒன்று, சிறு பிள்ளைகளோடு அவர் வாழ்ந்த வகுப்பறை. மற்றொன்று, வெளிநாட்டு வாசம்.

முதலில் வகுப்பறையைப் பார்ப்போம். தாகூர் பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியில் விட்டவர். 1878இல் படிக்க இங்கிலாந்து போயும், பட்டம் எதுவும் வாங்காமல் 1880இல் திரும்பினார். அப்படிப்பட்டவர் 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். மரத்தடியில் வகுப்பு, பாட்டும் நாடகமும் படிப்பின் பகுதி. 1930இல் வங்காளப் பிள்ளைகளுக்காக 'சகஜ் பாட்' என்ற தொடக்கப் பாடநூல் வெளிவந்தது. எழுத்து தாகூருடையது, படங்கள் நந்தலால் போஸ் வரைந்தவை. அந்நூலில் எழுத்துகள் வெறும் வரிசையாக நிற்பதில்லை. ஆட்களைப் போல உட்காருகின்றன, உண்கின்றன, வேலை செய்கின்றன. எழுத்தும் ஓர் உருவம், அதற்கும் உயிர் உண்டு என்று பார்க்கும் குழந்தையின் கண் அது. அதே கண்தான் அடித்த சொல்லிலும் ஒரு பறவையைக் கண்டது.

இனி வெளிநாட்டு வாசம். 1924இல் பெரு நாட்டுக்குப் புறப்பட்ட தாகூர் வழியிலேயே நோயுற்று, அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. புவெனஸ் ஐரிஸ் நகருக்கு அருகே சான் இசிட்ரோவில் அவரைத் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டவர் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. அங்கிருந்தபோது தாகூர் எழுதிய பல கவிதைகள் 1925இல் வெளிவந்த 'பூரபி' தொகுப்பில் இடம்பெற்றன. அதன் கையெழுத்துப் படியில் அவர் வேண்டாமென்று அடித்த சொற்கள் தனித்தனித் தழும்புகளாக நிற்கவில்லை. ஒரு கோடு இன்னொன்றோடு சேர்ந்து அலகாகிறது, முகமாகிறது, பெயர் தெரியாத விலங்காகிறது. ஒகாம்போ அவற்றைக் கண்டு வியந்தார். 1930 மே மாதம் பாரிஸில், பிகால் கலைக்கூடத்தில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்ததற்கும் அவர் உதவியே காரணம்.

முதல் கண்காட்சி கல்கத்தாவில் நடக்காமல் பாரிஸில் நடந்ததை நான் வெறும் தற்செயலாகப் பார்க்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனவர் தாகூர். எங்கே போனாலும் அவருடைய கவிதை மொழிபெயர்ப்பு என்ற சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். கீதாஞ்சலியை அவரே ஆங்கிலமாக்கினார். ஆனாலும் வங்காள மொழியின் இசை கரையிலேயே நின்றுவிட்டது. ஓவியத்துக்கு அந்தத் தடை இல்லை. அவர் தம் ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்புகூட வைக்கவில்லை. அதனால் வங்காளியும் பிரெஞ்சுக்காரரும் அவற்றின் முன் ஒரே இடத்தில் நின்றுதான் பார்க்கத் தொடங்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் அந்நியராக நின்ற அனுபவம் இல்லாமல் இப்படி ஒரு கலை பிறந்திருக்குமா? எனக்கு ஐயம்தான்.

இந்தப் பயணங்களில் நம்ம ஊரும் உண்டு. 1927இல் தாகூர் மலாயா வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ என்று போய் பினாங்குக்கும் வந்தார். உடன் சுரேந்திரநாத் கர், தீரேந்திர கிருஷ்ண தேவ் வர்மன் என்ற இரு ஓவியர்கள். பட்டர்வொர்த் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். தாகூரின் ஓவியங்கள் எல்லாமே உயர்ந்தவை அல்ல. ஒரே நீள்வட்ட முகம் திரும்பத் திரும்ப வருகிறது; சில படங்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அவருடைய பாடல்களில் உள்ள தெளிவைத் தேடிப் போகிறவர் இருண்ட நிறங்களையும் விநோத உருவங்களையும் கண்டு ஏமாறக்கூடும். ஆனால் 1937இல் வந்த 'சே' என்ற கதைநூலைப் பாருங்கள். பேத்திக்குச் சொல்வதாக அமைந்த அந்தக் கதைகளுக்கு அவரே படம் வரைந்தார். கேட்கும் குழந்தை எதிரில் இருக்கும்போது அந்த விநோத உருவங்களுக்குச் சிரிப்பும் வந்துவிடுகிறது. ஓவியர் தாகூரைப் புரிந்துகொள்ளச் சிறந்த வாசல் அதுதான் என்பேன்.

சரி, இதிலிருந்து நாம எடுத்துக்கொள்வது என்ன? 'பிழையே அழகு, திருத்தவே வேண்டாம்' என்று யாராவது முடிவுகட்டினால் அது தவறான வாசிப்பு. தாகூர் சொல்லை அடித்ததே கவிதை இன்னும் செம்மையாக வேண்டும் என்பதற்காகத்தான். திருத்துவதை அவர் கடைசிவரை விடவில்லை. திருத்தியதற்காக வெட்கப்படவில்லை, அவ்வளவுதான். நம் வகுப்பறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. மாணவர் வெட்கப்படுகிறார், அதனால் திருத்துவதையே தவிர்க்கிறார். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தால் அடிக்க வேண்டிய தேவையே வராதே! ஏடு சுத்தமாக இருக்கும்; மாணவர்தான் அதில் இருக்க மாட்டார்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, வரைவு ஏடு ஒன்றைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதில் லிக்விட் பேப்பர் வேண்டாம்; ஒரே கோடு போட்டு அடித்தால் போதும், அடித்த சொல் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் இதைச் செய்து பார்த்தேன். ஒரு மாணவி 'அம்மா கை ஈரமா இருந்துச்சு' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'அன்னையின் அன்பிற்கு ஈடு இணையில்லை' என்று எழுதியிருந்தாள். அடித்ததுதான் அவளுடையது. எழுத்து வழக்கில் மட்டும் மாற்றித் திரும்ப எழுதச் சொன்னேன். லிக்விட் பேப்பர் பூசியிருந்தால் அந்த ஈரக் கையை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மாணவர்களே, கட்டுரையில் தாகூரைச் சான்றாகக் காட்ட நினைத்தால், விருதுப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். '1924, சான் இசிட்ரோ, அடித்த சொல்லில் பிறந்த ஓவியம்' என்ற ஒரே செய்தியை எடுத்து, அது எதைக் காட்டுகிறது என்று உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரி விளக்குங்கள். திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பூனை வரைந்த மாணவன் இப்போது நான்காம் படிவம். அவன் ஏட்டில் இப்போது பூனை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.