எட்டாவது அலங்காரம்

சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தாண்டி வந்த பிள்ளைக்கு அலங்காரம் என்றதும் முகம் சுருங்கும். மறுபடியும் அதே மாயாமாளவகௌளை, மறுபடியும் அதே ஸரிகம. பாட்டு வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோர் அதை மனப்பாடம் என்றுதான் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சம் காது கொடுத்தால், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு மெட்டுக் கட்டச் சொல்லித்தரும் பாடமே அதுதான் என்று தெரியும். கணக்குப் பிடித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தெரியும்.

புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாக மரபு சொல்லும், தாளத்துக்கு ஒன்றான இந்த ஏழு அலங்காரங்களிலும் முதல் வரி ‘ஸ’வில் கிளம்பி ‘ம’வில்தான் போய் நிற்கிறது. நடுவில் போகும் வழிதான் தாளத்துக்குத் தாளம் வேறு. ஏக தாளத்துக்கு நாலு அட்சரம், அதாவது நாலு எண்ணிக்கை; ஸரிகம என்று நேரே ஏறினால் முடிந்தது. ரூபகத்துக்கு ஆறு. ‘ஸ’வுக்குக் கீழேயும் ‘ம’வுக்கு மேலேயும் போகாமல், பக்கத்து ஸ்வரத்துக்கே நகர்வது என்றால் மூன்றே வழி: ஸரிஸரிகம, ஸரிகரிகம, ஸரிகமகம. தாசர் எடுத்தது முதலாவதை. மூன்றாவதில் ‘ம’ முன்னாலேயே தலைகாட்டி, போய்ச் சேரும் சுகத்தைக் கெடுக்கிறது. இரண்டாவது பரவாயில்லை. ஆனால் ரூபகத்தில் முதலில் இரண்டு அட்சரத் திருதம், பிறகு நாலு அட்சர லகு. திருதத்தில் ‘ஸரி’ என்று எட்டிப் பார்த்துவிட்டு, லகு விழும்போது ‘ஸரிகம’ என்று அடியிலிருந்து முழுசாக ஏறுகிறது முதலாவது. தாளம் வெட்டும் இடத்திலேயே மெட்டும் வெட்டுகிறது!

திரிபுடை இன்னும் ருசி. ஏழு அட்சரம். படிப்படியாகவே ஏறி இறங்கினால் ஏழாவது அட்சரத்தில் ‘ம’ வரவே வராது. போட்டுப் பாருங்கள், ஒற்றைப்படை இடங்களில் ‘ஸ’வும் ‘க’வும்தான் விழும். எங்காவது நிற்க வேண்டும், இல்லை குதிக்க வேண்டும். தாசர் குதிக்கிறார்: ஸரிக, ஸரி, கம. ‘க’விலிருந்து ‘ரி’யை விட்டுவிட்டு ‘ஸ’. குதித்ததும் கண்ட இடத்தில் இல்லை, லகு முடிந்து திருதம் விழும் இடத்தில். ஜம்பையில் குதியும் உண்டு, கடைசி ‘ம’வில் ஒரு கார்வையும் (நீட்டலும்) உண்டு.

ஒரு வரி அமைந்தால் போதும், அதே அச்சை ‘ரி’, ‘க’ என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ‘ப’வுக்கு வரும்போது கேட்ட ஓசை மாதிரியே இருக்கும். மாயாமாளவகௌளையில் ‘ஸ’விலிருந்து ‘ம’ வரை உள்ள இடைவெளிகள்தான் ‘ப’விலிருந்து மேல் ‘ஸ’ வரைக்கும்.

பிள்ளைகளை மெட்டுக் கட்ட வைக்க வேறு வழியும் உண்டு. ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குழந்தைகள் சொந்தமாக வாசிக்கட்டும் என்று சைலஃபோனில் சில கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்தார், நம் மோகனம்தான். எதைத் தட்டினாலும் கெடாது. நல்ல உத்தி. ஆனால் ரூபகத்தில் பார்த்த மாதிரி, மூன்று வழிகளில் எது அழகு என்று பொறுக்கியெடுக்கும் புத்தி அலங்காரத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது என் கட்சி.

பாட்டு டீச்சர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏழும் பாடமானதும் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். கண்ட ஏகம், ஐந்து அட்சரம், ‘ஸ’வில் தொடங்கி ‘ம’வில் முடி என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ‘ஸரிகாம’ என்று நீட்டும், இன்னொன்று ‘ஸஸரிகம’ என்று தொடங்கும். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். பிடித்ததை அந்தப் பிள்ளையின் பெயர் போட்டு, எட்டாவது அலங்காரமாக நோட்டில் எழுதிக் கொடுங்கள்.