ஐந்தாம் பொத்தானில் ஒரு சிக்ஸர்

நோக்கியா 2700 கிளாசிக்கின் திரை இரண்டே அங்குலம். அதற்குள் ஒரு மைதானமே அடங்கியிருந்தது. செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டோடு நாலைந்து ஜாவா கேமும் ஏற்றித் தருவார்கள். நண்பனிடம் இருந்தால் ப்ளூடூத்தில் வாங்கிக்கொள்வோம். ஏறி முடியும்வரை இரண்டு போனையும் ஒட்டிவைத்தபடி நிற்போம்.

கிரிக்கெட்தான் உயிர். 4, 6 திசைக்கு, 5 அடிக்க. பந்து குத்தி எழும் நொடியில் கட்டைவிரல் இறங்க வேண்டும். சற்றே முந்தினால் ஸ்டம்பு எகிறும். சரியாக விழுந்தால், பொத்தானின் அந்த 'டக்'கே மட்டையில் பந்து பட்ட ஒலி. இன்றைய கண்ணாடித் திரையில் ஆட்டம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் விரலுக்கு அந்தப் பதில் கிடைப்பதில்லை.

என் போனில் 5 எழுத்தழிந்து வழவழப்பாகிவிட்டது. அதன்மேல் இருந்த சின்ன மேடு மட்டும் தேயவில்லை. போர்வைக்குள், இருட்டில், விரல் தானாக அதில் போய் உட்காரும்.