'ஒற்றுமைத் தெரு'வின் கட்டிடங்கள்: மலாக்கா வரலாற்று வாசிப்பு குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலாக்காவின் பழைய நகரில் துக்காங் பெசி, துக்காங் எமாஸ், தோக்கோங் என மூன்று பெயர்களுடன் ஒரே தொடராகச் செல்லும் தெரு, சுற்றுலா வெளியீடுகளில் 'ஒற்றுமைத் தெரு' என்றே அறிமுகமாகிறது. இந்துக் கோயிலும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் சில நிமிட நடைத்தொலைவுக்குள் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். இவ்வறிமுகம் பொய்யன்று, ஆயினும் போதாது. இக்கட்டிடங்கள் எவ்வாறு எழுந்தன, எதனால் நிலைத்தன என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. அவ்வினாக்களை முன்வைத்தே இத்தெருவை நாம் ஈண்டு நோக்குகிறோம்.

வழிபாட்டிடங்கள்

1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவை டச்சுக்காரர் கைப்பற்றினர். செங் ஹூன் தெங் சீனக் கோயில் அந்நூற்றாண்டைச் சேர்ந்தது. கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் மரத்தால் கட்டப்பெற்று, 1872இல் செங்கல்லால் புதுக்கப்பெற்றது. ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சு அரசு வழங்கிய நிலத்தில், செட்டி சமூகத் தலைவரான தைவநாயகம் செட்டியால் 1781இல் எழுப்பப்பெற்றது. ஆசிய வணிகரைத் துறைமுகத்தில் நிலைநிறுத்த விழைந்த ஓர் அரசின் நலனும் இந்நிலக்கொடையில் அடங்கியிருந்தது எனக் கொள்ள இடமுண்டு. ஒற்றுமை என்னும் ஒரு சொல் இந்த அரசியலை மறைத்துவிடுகிறது.

பள்ளிவாசலின் அடுக்குக் கூம்புக் கூரை, சீனப் பகோடாவை ஒத்த கோபுரம், கொரிந்தியத் தூண்கள், ஐரோப்பிய மெருகோடுகள் ஆகியவற்றைப் பண்பாட்டு இணக்கத்தின் குறியீடாக மட்டும் விளக்குவது வழக்கம். துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பொருள்களும் ஆங்கு வாழ்ந்த கைவினைஞரும் கட்டிடத்தை உருவாக்கிய முறையாகவும் அவற்றைக் காண வேண்டும். 'கிளிங்' என்னும் சொல் பிற்காலத்தில் இழிசொல்லாகத் திரிந்தது. எனினும் இப்பெயரில் அது தென்னிந்திய முஸ்லிம் வணிகர் குடியிருப்பின் சான்றாக நிற்கிறது.

உரிமையும் நிருவாகமும்

விநாயகர் ஆலயம் மற்றொரு செய்தியையும் உணர்த்துகிறது. அதன் உரிமையாளரான மலாக்கா செட்டிகள், மலாயை வீட்டுமொழியாகக் கொண்டும் சைவ வழிபாட்டைக் கைவிடாதவர்கள். 1962 முதல் நிருவாகம் நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் உள்ளது. வெவ்வேறு காலங்களில் இங்கு வந்த இரு சமூகங்கள் ஒரே கட்டிடத்தில் சந்திக்கின்றன. 'தமிழர் கோயில்' என்று பொதுவாகச் சுட்டும்போது இவ்வேறுபாடு நழுவிவிடுகிறது. செங் ஹூன் தெங் கோயிலுக்கோ 1949இல் தனிச்சட்டத்தின்வழி நிறுவனத் தகுதி கிட்டியது. வழிபாட்டிடங்கள் நிலைத்தமைக்குப் பக்தியோடு உரிமை அமைப்பும் காரணமாயிற்று.

கடைவீடுகள்

வழிபாட்டிடங்களுக்கு இடைப்பட்ட கடைவீடுகளுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. குறுகிய முகப்பு, நீண்ட உட்பகுதி, காற்றும் ஒளியும் புகும் நடுமுற்றம் என்பன அவற்றின் அமைப்பு. முகப்பின் அகலத்துக்கேற்ப வரி விதிக்கப்பட்டதே குறுகலுக்குக் காரணம் என்பர். சுவரிலிருந்து சுவருக்குப் பாயும் மரவிட்டத்தின் நீளமும் அகலத்தை வரையறுத்தது என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முற்பட்ட கட்டிடங்களின் வாடகையைக் குறைவாக வைத்தது. மரபுரிமையைக் காக்க எழுந்த சட்டமன்று அது. எனினும் சிறு கைவினைஞர் தெருவிலேயே தங்க அது உதவியது. 1997இல் அது நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடு 1999 இறுதியில் முடிவுற்றது. வாடகை உயர, பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது முகப்புகள் காப்புப் பெற்றன. அவற்றினுள் வாழ்ந்தோர்க்கு அக்காப்பு கிட்டவில்லை. பொற்கொல்லரையும் கொல்லரையும் குறிக்கும் தெருப்பெயர்கள் நிலைக்க, அத்தொழில்கள் அருகிவிட்டன.

முடிவுரை

மாணவரை இத்தெருவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஒவ்வொரு கட்டிடத்தின் முன்னும் நான்கு வினாக்களை எழுப்பலாம்: நிலம் யார் கொடுத்தது? கட்டியவர் யார்? உரிமை யாருடையது? உள்ளே வாழ்ந்தவர் யார்? முதல் மூன்றுக்கும் ஆவணங்கள் ஓரளவு விடை தரும். நான்காவதற்குரிய விடை முதியோர் நினைவிலேயே பெரிதும் உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனைப் பதிவுசெய்தல் நமது துறையினரின் உடனடிக் கடமையாகும்.