நான்காவது பெட்டி யாருடையது?

2011 ஜூன் மாதம், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்க ராணுவத்தினர் சிலர் பால்டிமோரில் இறங்கி, அட்லாண்டா செல்லும் டெல்டா விமானத்தில் ஏறினார்கள். நான்கு பைகள் கொண்டுபோகலாம் என்றது அவர்கள் கையிலிருந்த ராணுவ ஆணை. சாதாரண வகுப்பில் மூன்றுதான் இலவசம் என்றது விமான நிறுவனத்தின் விதி. ஆணை கவுண்டரில் செல்லுபடியாகவில்லை. நான்காவது பைக்கு 200 டாலர் வீதம், மொத்தம் 2,800 டாலருக்கு மேல் கட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். அவர்களில் இருவர் விமானத்தில் உட்கார்ந்தபடியே ஒரு காணொளி எடுத்து யூடியூபில் போட்டார்கள். தன்னுடைய நான்காவது பை எது என்று ஒருவர் அதில் சொல்கிறார்: எம்4 துப்பாக்கியும் குண்டு வீசும் கருவியும் கைத்துப்பாக்கியும் வைத்திருந்த ஆயுதப் பெட்டி. காணொளி தீயாகப் பரவியதும் டெல்டா உடனடியாக மன்னிப்புக் கேட்டது. சாதாரண வகுப்பில் நான்கு, உயர் வகுப்பில் ஐந்து என்று விதியையும் மாற்றியது. அன்றைக்குக் கடைநிலைச் சிப்பாயின் மாத அடிப்படைச் சம்பளம் சுமார் 1,467 டாலர்தான்.

பேராசை பிடித்த நிறுவனம், கொதித்தெழுந்த மக்கள், நல்ல முடிவு என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த நல்ல முடிவில்தான் எனக்குச் சந்தேகம். பெட்டியில் இருந்த ஆயுதம் சிப்பாயின் சொத்து அல்ல, அரசாங்கத்துடையது. எடுத்துவரச் சொன்னதும் அரசாங்கம்தான். அதைச் சுமப்பதற்கான கூலியை முதலில் கட்டியவர் சிப்பாய், பிறகு தள்ளுபடி செய்தது விமான நிறுவனம். பொருளுக்குச் சொந்தக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சலுகையை எடைபோட, அது எந்தக் கட்டணத்துக்கு விலக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். 2008 வரை அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் டிக்கெட் வாங்கினால் பெட்டியும் அதில் அடக்கம். எரிபொருள் விலை ஏறிய அந்த ஆண்டில், முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கி வைத்தது. மற்றவை வரிசையாகச் சேர்ந்துகொண்டன. எரிபொருள் விலை பிறகு இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. 2023இல் அமெரிக்க நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக மட்டும் வசூலித்தது சுமார் 700 கோடி டாலர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்நாட்டு டிக்கெட் விலைமீது 7.5 சதவீத மத்திய வரி இருக்கிறது. தனியாக வாங்கப்படும் பெட்டிக் கட்டணத்தின்மீது அது கிடையாது. ஆகவே டிக்கெட்டிலிருந்து பெட்டியைப் பிரிப்பதில் நிறுவனத்துக்கு இரட்டை லாபம். எல்லோருக்கும் இருந்த ஒன்றைப் பறித்து, அதில் ஒரு துண்டை ஒரு பிரிவினருக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டுவது கெட்டிக்காரத்தனம்தான். இரண்டு பெட்டி இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட் 2025 மே 28 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கியபோதும் அதே காட்சிதான். பணியிலுள்ள ராணுவத்தினருக்கு விலக்கு நீடித்தது.

அடுத்த கேள்வி, பலன் யாருக்கு என்பது. அலுவல் ஆணையில் பயணம் செய்பவருக்கு, கூடுதல் சுமைக்கான அனுமதி ஆணையிலேயே இருந்தால், கட்டிய பணத்தை ராணுவம் திருப்பித் தந்துவிடும். 2008இலேயே இந்தச் சச்சரவு ஒருமுறை வந்தது. மூன்றாவது பைக்கு 100 டாலர் வாங்குவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்று குறைகூறியபோது, பணம் ராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைக்கும் என்பதுதான் நிறுவனத்தின் பதில். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அது பொய்யில்லை. அப்படியானால் ஆணையில் செல்பவருக்கான இலவசப் பெட்டி, கணக்குப்படி பாதுகாப்புத் துறையின் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது. சிப்பாய்க்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. கையிலிருந்து பணம் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி, படிவம் எழுதி, வாரக்கணக்கில் காத்திருப்பது சின்ன விஷயமல்ல. ஆணையில் ஒரு வரி விடுபட்டதற்காகப் பணத்தையே இழக்கும் அபாயமும் இருக்கிறது. அந்த அலைச்சலைத் தவிர்ப்பதே இந்தச் சலுகையின் நிஜமான நன்மை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாயின் கதை வேறு. அவருடைய பெட்டிக்கு யாரும் பணம் திருப்பித் தரமாட்டார்கள். எனவே சொந்தப் பயணத்துக்கான விலக்கே அவர் சட்டைப்பைக்கு நேராகப் போய்ச் சேர்வது. ஆனால் நிறுவனங்கள் கை இறுக்குவதும் இங்கேதான்: சில நிறுவனங்களில் ஆணையோடு போனால் தலா 45 கிலோ வரை ஐந்து பைகள், சொந்தப் பயணமென்றால் 23 கிலோ வீதம் இரண்டோ மூன்றோ. ஓய்வுபெற்றவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதே இல்லை. செவிலியரும் தீயணைப்பு வீரரும் நாட்டுக்கு உழைக்கவில்லையா, இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தப் பயணத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது ஒரு கடைக்காரர் தனக்குப் பிடித்த வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடி, தரலாம், தராமலும் இருக்கலாம். ஆணைப் பயணத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. செவிலியரை யாரும் கவச உடையும் ஹெல்மெட்டும் நாலு ஜோடிச் சீருடையும் கட்டிக்கொண்டு கண்டம் தாண்டச் சொல்வதில்லை. சிப்பாயின் சுமை அவர் தேர்ந்தெடுத்தது அல்ல.

தேர்ந்தெடுக்காத சுமைக்கான விலக்கு, விமான நிறுவனத்தின் தயவில் நிற்பதுதான் கோளாறு. இதைக் கட்டாயமாக்கும் சட்டம் கிடையாது. 2012ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில், பணியிலுள்ள ராணுவத்தினருக்குப் பெட்டிக் கட்டணம் உள்ளிட்டவற்றைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற நாடாளுமன்றத்தின் கருத்து பதிவாகியிருக்கிறது. வெறும் கருத்து, மீறினால் தண்டனை இல்லை. அதனால் நிறுவனத்துக்கு நிறுவனம் பை எண்ணிக்கை வேறு, எடை வேறு, கூட வரும் மனைவி மக்களுக்கான விதி வேறு. இத்தனை ஆண்டுகள் சட்டமில்லாமலே நடந்துவருகிறதே, அரசு ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். நடந்தது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, கேமரா இருந்ததால். 2008இலும் 2011இலும் விதி மாறியது ஊரறியச் சத்தம் எழுந்த பிறகே. சத்தம் எழுப்பத் தெரியாதவரும், மேலதிகாரிக்கு அஞ்சி வாய் திறக்காதவரும் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அதற்காகப் புதுச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்க அரசு விமான நிறுவனங்களுக்கு வெறும் ஒழுங்குமுறையாளர் அல்ல, மிகப் பெரிய வாடிக்கையாளரும்கூட. அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும் பயணம் செய்யும் வழித்தடங்களுக்கு ஒட்டுமொத்தமாகப் பேரம் பேசி விலை முடிக்கும் ஒப்பந்தம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது; கடைசி நிமிடத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் என்பதுவரை அதில் பேசி வாங்கியிருக்கிறார்கள். நெருக்கடிக் காலத்தில் தனியார் விமானங்களை ராணுவத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாடும் 1950களிலிருந்து உண்டு. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து வெளியேறியவர்களை ஏற்றிச்செல்ல அப்படி 18 விமானங்கள் அழைக்கப்பட்டன. இவ்வளவு பேரம் பேசத் தெரிந்தவருக்கு, ஆணையில் எழுதிய பைகளைக் கவுண்டரில் கேள்வியின்றி ஏற்க வேண்டும், அதற்கான கூலியை நிறுவனம் ராணுவத்திடம் நேரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய காரியமில்லை. அப்படிச் செய்தால் செலவு அரசுக்குக் கூடுமே என்பார்கள். கூடட்டும், பெட்டி அதனுடையது. அந்த வழித்தட ஒப்பந்தம் ஆண்டுதோறும் அக்டோபர் 1இல் புதிதாகத் தொடங்குகிறது.